கோடையில் யோகா: வலுவையும் நலத்தையும் கூட்டுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெயில் ஏற ஆரம்பித்ததும் யோகா செய்பவர்கள் இரண்டாகப் பிரிந்துவிடுகிறார்கள். சிலர் விரிப்பைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டு, மழை வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். மற்றவர்கள், வியர்க்க வியர்க்கச் செய்தால்தான் உடம்பு இறுகும் என்று நம்பி வேகத்தைக் கூட்டுகிறார்கள். இருவருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: கோடையில் குறைக்க வேண்டியது வேகத்தை, வலுப் பயிற்சியை அல்ல. அது ஏன், எப்படி என்பதைக் கீழே உள்ள கேள்விகளின் வழியே பார்க்கலாம்.

கோடை முழுக்க ஓய்வு எடுத்துக்கொண்டால் என்ன?

சில நாள் விட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் மூன்று நான்கு வாரம் முழுதாக விட்டுவிட்டால், சேர்த்த வலு மெல்லக் கரைய ஆரம்பிக்கும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. வெப்பத்துக்கு உடல் தன்னைப் பழக்கிக்கொள்ளும். தினமும் அளவாக வெப்பத்தில் உழைத்தால் 7 முதல் 14 நாளில் அந்த மாற்றம் பெருமளவு நடந்துவிடும். ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கும், வியர்வையோடு வெளியேறும் உப்பின் அளவு குறையும், அதே வேலைக்கு இதயம் முன்பு போல் படபடக்காது. எந்நேரமும் குளிரூட்டிய அறையிலேயே உட்கார்ந்திருப்பவருக்கு இந்தப் பழக்கம் வாய்ப்பதில்லை.

அதனால் கோடையின் முதல் இரண்டு வாரம் பயிற்சியைப் பாதியாகக் குறையுங்கள், அப்புறம் படிப்படியாகக் கூட்டுங்கள். அதுவே போதும்.

கோடையில் யோகாவைத் தொடங்கக் கூடாது என்று பழைய நூல்களே சொல்கின்றனவாமே?

உண்மைதான். கேரண்ட சம்ஹிதை என்ற பழைய யோக நூல் தன் ஐந்தாம் பகுதியில் பிராணாயாமம் என்னும் மூச்சுப் பயிற்சிக்கு ஏற்ற இடம், காலம், உணவு எல்லாவற்றையும் வரிசையாகப் பேசுகிறது. குளிர்காலத்திலும் கோடையிலும் மழைக்காலத்திலும் பயிற்சியைத் தொடங்க வேண்டாம், வசந்தமும், மழைக்குப் பின் வரும் சரத் காலமுமே தொடங்க ஏற்றவை என்பது அதன் கருத்து. அங்கே பேசப்படுபவர் புதிதாக வருபவர். ஏற்கெனவே செய்து வருபவரை நிறுத்தச் சொல்லவில்லை.

இதில் நல்ல புத்தி இருப்பதாகவே நினைக்கிறேன். தன் மூச்சின் அளவும் களைப்பின் அளவும் புதியவருக்கு இன்னும் பிடிபட்டிருக்காது. அதன் மேல் வெப்பமும் சேர்ந்துகொண்டால் எது பயிற்சியின் களைப்பு, எது வெயிலின் களைப்பு என்று அவரால் பிரித்தறிய முடியாது. உலக யோகா தினம் 2015 முதல் ஜூன் 21 அன்று கொண்டாடப்படுகிறது. பூமியின் வட பாதியில் அதுதான் ஆண்டின் நீண்ட பகல். அன்று உற்சாகத்தில் தொடங்குகிறவர்கள் பலர். தொடங்குங்கள், தவறில்லை. முதல் மாதம் மட்டும் 20 நிமிடத்துக்கு மேல் போகாமல், எளிய நிலைகளோடும் மூச்சுப் பயிற்சியோடும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

வியர்வை எவ்வளவு அதிகமோ அவ்வளவு பலன் என்கிறார்களே?

இல்லை. இந்த ஒரு நம்பிக்கையை விட்டாலே கோடைப் பயிற்சி பாதி சரியாகிவிடும்.

வியர்வை என்பது உடல் தன்னைக் குளிர்விக்கும் வழி. ஒரு லிட்டர் வியர்வை தோலிலேயே முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். அது வெளியேறும் வெப்பத்தின் கணக்கு. நீங்கள் எரித்த கொழுப்பின் கணக்காக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும் வியர்வை குளிர்விக்கக்கூட உதவுவதில்லை, ஏனென்றால் அது ஆவியாகவில்லை. காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாளில் நனைந்துபோவோம், ஆனாலும் உடம்பு சூடாகவே இருக்கும். அந்த மாதிரி நாள்தான் ஆபத்தானது, வறண்ட வெயில் நாளைவிடவும்.

வகுப்பு முடிந்ததும் எடை ஒரு கிலோ குறைந்திருந்தால், போனது ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர். குடித்ததும் திரும்பிவிடும், திரும்பியே ஆக வேண்டும்.

பத்துச் சுற்று சூரிய நமஸ்காரம் சாதாரணமாகச் செய்வேன். கோடையில் ஐந்திலேயே மூச்சு வாங்குகிறது. வலு குறைந்துவிட்டதா?

குறையவில்லை. உங்கள் இதயம் இரண்டு வேலை பார்க்கிறது, அவ்வளவுதான். ஓய்வில் இருக்கும்போது அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தத்தைச் செலுத்தும். வெப்பத்தில் தோலுக்குக் கூடுதல் ரத்தத்தை அனுப்பி உள்சூட்டை வெளியேற்ற வேண்டியிருக்கிறது. தசைகளும் அதே நேரத்தில் ரத்தம் கேட்கின்றன. வியர்த்ததால் ரத்தத்தின் நீர்ப்பகுதியும் குறைந்திருக்கும். அதனால் இதயம் வேகமாகத் துடித்து ஈடுகட்டுகிறது. குனிந்த நிலையிலிருந்து சட்டென்று நிமிரும்போது தலை சுற்றுவதும் இதனால்தான்.

எனவே வெயிலையும் உங்கள் பயிற்சிச் சுமையில் ஒரு பங்காகக் கணக்கு வையுங்கள். வெப்பம் எடுத்துக்கொண்டது போக மீதி உள்ளதைத்தான் ஆசனத்துக்குச் செலவழிக்க முடியும்.

அப்படியானால் கோடையில் வலுவைக் கூட்டுவது எப்படி?

உடலைச் சூடாக்குவது பெரும்பாலும் இடைவிடாத அசைவு. நிலையிலிருந்து நிலைக்குத் தாவித் தாவிப் போகும் வேகமான தொடர்கள்தான் இதயத் துடிப்பை ஏற்றிவிடுகின்றன. ஒரு நிலையில் அசையாமல் தாங்கி நின்று, நன்றாக ஓய்வெடுத்து, மீண்டும் தாங்கி நிற்கும்போது தசைக்கு உழைப்பு குறையாமல் கிடைக்கும், உடல் அந்த அளவுக்குச் சூடேறாது. கோடைக்கு ஏற்ற வழி இதுதான்.

உத்கடாசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள், நாற்காலியில் உட்காருவது போல் முழங்காலை மடக்கி நிற்பது. முதல் வாரம் 20 விநாடி, மூன்று முறை. சுலபமாகிவிட்டால் 30, அப்புறம் 45. அதுவும் சுலபமானால் நேரத்தை நீட்டிக்கொண்டே போகாமல் கடினத்தைக் கூட்டுங்கள்: குதிகாலைத் தூக்கி நில்லுங்கள், அல்லது எடையின் பெரும்பகுதியை ஒரு காலுக்கு மாற்றுங்கள். கையை ஊன்றி உடலைப் பலகைபோல் நேராகத் தாங்கும் பலகாசனமும் அப்படித்தான். முழங்கால் தரையில் இருக்கத் தொடங்கி, பிறகு காலை நீட்டி, பிறகு ஒரு காலை ஒரு சாண் உயர்த்தி நிற்பது வரை போகலாம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்கும் சேதுபந்தாசனத்தை இரு காலில் நன்றாகத் தாங்க முடிந்தவர் ஒற்றைக் காலுக்கு மாறலாம்.

பலகை நிலையிலிருந்து முழங்கையை மடக்கித் தரைக்கு அருகே இறங்கும் சதுரங்க தண்டாசனத்தில் பலரும் பொத்தென்று இறங்கிவிடுகிறார்கள். அந்த இறக்கத்தில்தான் வலு இருக்கிறது. முழங்காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, ஐந்து எண்ணும் வரை மெல்ல இறங்குங்கள். அப்படி நாலைந்து முறை செய்தால், அவசரமாகச் செய்யும் இருபதைவிட மேல். தோள்பட்டை முழங்கையின் மட்டத்துக்குக் கீழே போக வேண்டாம்.

தாங்கி நிற்கும்போது மூச்சை அடக்காதீர்கள். அடக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். மூக்கு வழியாகவே மூச்சு ஓட வேண்டும். வாயைத் திறந்தால்தான் முடியும் என்ற நிலை வந்துவிட்டால் அந்தச் சுற்று முடிந்தது என்று பொருள். சுற்றுகளுக்கு நடுவே மற்ற காலங்களில் ஒரு நிமிடம் ஓய்வு எடுப்பவர், கோடையில் இரண்டு நிமிடம் எடுக்கட்டும்.

வாரத்துக்கு எத்தனை நாள்? தசை வலுவுக்கான பயிற்சி வாரத்தில் குறைந்தது 2 நாள் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கோடையில் ஒரு நாள் விட்டு ஒரு நாளாக மூன்று நாள் வலுவுக்கு வைத்துக்கொண்டு, மற்ற நாட்களில் மூச்சுப் பயிற்சி, மென்மையான நீட்டல், நடை என்று போகலாம். தசை வளர்வது ஓய்விலும் உறக்கத்திலும்தான்.

யோகாவை நேசிக்கிறவர்கள் மறைக்கக் கூடாத ஒரு விஷயமும் இருக்கிறது. ஆசனங்களில் தள்ளும் வேலை நிறைய உண்டு, இழுக்கும் வேலை மிகக் குறைவு. அதனால் மார்பும் தோளின் முன்பகுதியும் வலுப்பெற, முதுகின் மேற்பகுதி பின்தங்கிவிடும். குப்புறப் படுத்து மார்பையும் காலையும் தூக்கும் சலபாசனத்தில் கைகளைப் பின்னால் தூக்கித் தோள்பட்டை எலும்புகளை ஒன்றோடொன்று நெருக்குவது ஓரளவு ஈடுகட்டும். ஒரு ரப்பர் பட்டையைத் தூணில் கட்டி மார்பை நோக்கி இழுத்தால் இன்னும் நல்லது. அது யோகா இல்லையே என்று தயங்க வேண்டாம்.

நாற்பது நிமிடத்தில் முடிகிற மாதிரி ஒரு பயிற்சி சொல்ல முடியுமா?

சரி. முதல் ஐந்து நிமிடம் உட்கார்ந்து மூச்சைக் கவனியுங்கள். அடுத்த ஐந்து நிமிடம் கையும் முழங்காலும் ஊன்றி முதுகைப் பூனைபோல் வளைத்து நிமிர்த்தும் மார்ஜாரி ஆசனம், தோள் சுழற்றல், இடுப்புச் சுழற்றல். கோடையில் தசை ஏற்கெனவே வெதுவெதுப்பாக இருக்கும், நீண்ட சூடேற்றல் தேவைப்படாது. அதன் பிறகு உத்கடாசனம், பலகாசனம், வீரபத்ராசனம் (ஒரு காலை முன்னே வைத்து அதன் முழங்காலை மடக்கி நிற்பது), சலபாசனம் ஆகிய நான்கையும் முன்பு சொன்ன ஓய்வோடு, ஒவ்வொன்றும் இரண்டு முறை. இதற்கு 20 நிமிடம் பிடிக்கும். ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனம் இரு பக்கமும் ஒவ்வொரு நிமிடம். கடைசியில் சுவரில் கால்களைச் சாய்த்துப் படுத்து விபரீதகரணி, பிறகு அசையாமல் மல்லாந்து படுக்கும் சவாசனம்.

சவாசனத்தைக் குறைக்காதீர்கள். ஏறிய சூடும் துடிப்பும் இறங்க அந்த நேரம் வேண்டும். எழும்போது ஒருக்களித்துப் படுத்து, உட்கார்ந்து, சற்றுப் பொறுத்து நில்லுங்கள்.

எந்த நேரம் சிறந்தது?

சூரியன் உதிப்பதை ஒட்டிய நேரம். இரவு முழுக்கத் தரையும் காற்றும் வெப்பத்தை இழந்துகொண்டே இருப்பதால், ஒரு நாளின் மிகக் குறைந்த வெப்பநிலை பெரும்பாலும் அப்போதுதான் இருக்கும்.

மாலையில் செய்கிறவர்கள் வெயில் தாழ்ந்துவிட்டது என்று உடனே மொட்டை மாடிக்குப் போய்விடுகிறார்கள். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட், சூரியன் மறைந்து வெகுநேரம் வரை வெப்பத்தைக் கக்கும். கையைத் தரையில் வைத்துப் பாருங்கள், சூடு தெரிந்தால் இன்னும் நேரமாகவில்லை. மரத்தடியோ, எதிரெதிர் ஜன்னல் திறந்த அறையோ மாடியைவிட நல்லது.

சூரிய நமஸ்காரத்தை வெயிலில் நின்றுதான் செய்ய வேண்டுமா?

வேண்டியதில்லை. இளங்காலை ஒளியில் செய்வது இதமானது. வெயில் ஏறிவிட்டால் நிழலில் செய்யுங்கள். சுற்றுகளைக் குறைத்து, பன்னிரண்டு நிலைகளில் ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு மூச்சு நின்று செய்தால் அதே சூரிய நமஸ்காரம் வலுப் பயிற்சியாகிவிடும். சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம், கண்ணின் விழித்திரை கெடும்.

சீதளி பிராணாயாமம் உண்மையிலேயே உடம்பைக் குளிர்விக்குமா?

பழைய யோக நூலான ஹட யோகப் பிரதீபிகை சொல்லும் எட்டுக் கும்பகங்களில், அதாவது மூச்சை அடக்கும் பயிற்சிகளில், சீதளியும் சீத்காரியும் அடக்கம். சீதளிக்குப் பித்தத்தையும் தாகத்தையும் தணிக்கும் பலன் உண்டு என்கிறது அந்த நூல்.

நடப்பது இது: குழல் போல் சுருட்டிய நாக்கின் ஈரத்தின் மேல் காற்று ஓடும்போது ஈரம் ஆவியாகி, நாக்கும் வாயும் குளிர்கின்றன. மூச்சு நிதானமாவதால் மனமும் தணிகிறது. இந்த இரண்டும் உண்மையான பலன்கள், அனுபவித்தால் தெரியும். ஆனால் வெயிலில் அலைந்து ஏறிய உடற்சூட்டை இறக்க அதை நம்பி உட்காரக் கூடாது. அதற்கு நிழல், நீர், காற்று மூன்றும் வேண்டும்.

செய்முறை எளிது. நாக்கைச் சுருட்டி வெளியே நீட்டி, அதன் வழியே மெல்ல மூச்சை இழுத்து, வாயை மூடி மூக்கு வழியே விடுங்கள். எட்டு முதல் பத்துச் சுற்று. எல்லாருக்கும் நாக்கைச் சுருட்ட வராது. வராதவர்கள் பற்களை லேசாகச் சேர்த்து வைத்து அந்த இடுக்கு வழியாக இழுக்கும் சீத்காரியைச் செய்யலாம். வாய் வழியே இழுக்கும் காற்று மூக்கில் வடிகட்டப்படுவதில்லை என்பதால் புகையும் தூசியும் உள்ள இடத்தில் இரண்டும் வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்களும், தாழ்ந்த ரத்த அழுத்தம் உள்ளவர்களும் தவிர்ப்பது நல்லது.

கபாலபாதி, பஸ்த்ரிகா?

மூச்சை வேகமாக வெளித்தள்ளுவது கபாலபாதி, வேகமாக இழுத்து விடுவது பஸ்த்ரிகா; இரண்டும் சூடேற்றுபவை. பழகியவர்கள் விடியற்காலையில் குறைந்த சுற்றோடு செய்யலாம். மற்றவர்கள் கோடை முடியும்வரை நாடி சுத்தியும் (இரு மூக்குத் துவாரத்திலும் மாறி மாறி மூச்சு விடுவது) பிராமரியும் (வண்டுபோல் ரீங்கரித்து மூச்சு விடுவது) செய்தாலே போதும். கர்ப்பிணிகள், உயர் ரத்த அழுத்தமோ குடலிறக்கமோ உள்ளவர்கள் எந்தக் காலத்திலும் இவற்றைத் தவிர்க்க வேண்டும்.

எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்?

எல்லாருக்கும் பொருந்தும் ஒரே அளவு கிடையாது. உங்கள் அளவை நீங்களே கண்டுபிடிக்கலாம். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள், வியர்வையைத் துடைத்துவிட்டு. உடல் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால், அதாவது 60 கிலோ உள்ளவருக்கு 1.2 கிலோ, குடித்தது போதவில்லை, அல்லது பயிற்சி மிகுந்துவிட்டது. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரியாகப் போகிறது என்று கொள்ளலாம்.

ஒரே மூச்சில் குடம் குடமாகக் குடிப்பதும் தவறு. நிறைய வியர்த்தபின் வெறும் நீரையே அளவு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் அபாயகரமாகக் குறையலாம். வியர்வை மிகுந்த நாளில் உப்பும் சேர்ந்த பானமோ உணவோ எடுத்துக்கொள்ளுங்கள். இதய நோயோ சிறுநீரக நோயோ இருந்து மருத்துவர் நீரின் அளவை வரையறுத்திருந்தால், அவர் சொன்ன அளவே உங்களுக்கு அளவு.

வெயில் காலத்தில் உடம்பு நன்றாக வளைகிறது. இன்னும் கொஞ்சம் இழுக்கலாமா?

ஆசை வரும், அடக்குங்கள். வெப்பத்தில் தசையின் இறுக்கம் குறைகிறது. எல்லை வந்துவிட்டது என்று தசை சொல்லும் எச்சரிக்கையும் தாமதமாகவே கேட்கும். தொடையின் பின்தசை இடுப்பெலும்பில் சேரும் இடத்தில், உட்காரும் எலும்புக்குச் சற்றுக் கீழே, ஏற்படும் காயம் இப்படி வருவதுதான். ஆற மாதக்கணக்கில் ஆகும். எவ்வளவு வளைய முடிகிறதோ அதில் கொஞ்சம் முன்னதாகவே நின்று, அந்த நிலையைத் தசையின் பலத்தால் தாங்குங்கள். வளைவு வரும்போது வலுவும் கூட வர வேண்டும்.

சூடாக்கிய அறையில் செய்யும் ஹாட் யோகா கோடைக்கு உகந்ததா?

அந்த அறைகள் சுமார் 40 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கப்படுகின்றன. பகலெல்லாம் வெயிலைத் தாங்கிய உடம்பை மீண்டும் அங்கே கொண்டுபோய் நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. கர்ப்பிணிகள் எந்தக் காலத்திலும் அங்கே போகக் கூடாது. முதல் மாதங்களில் தாயின் உடல் மிகையாகச் சூடாவது கருவின் தண்டுவட வளர்ச்சியைப் பாதிக்கலாம்.

மின்விசிறியோ ஏசியோ போட்டுக்கொள்ளலாமா?

தாராளமாக. விசிறிக் காற்று வியர்வையை ஆவியாக்க உதவும். ஆனால் அறை வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் விசிறி சூட்டைத்தான் உடம்பின் மேல் வீசும். அந்த நிலையில் அன்று ஆசனமே வேண்டாம்.

வயதானவர்கள், மருந்து எடுத்துக்கொள்பவர்கள் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

வயதாக ஆகத் தாக உணர்வு மங்குகிறது, வியர்ப்பதும் குறைகிறது. தாகம் எடுக்கட்டும் என்று காத்திராமல் நேரம் பார்த்துக் குடிக்க வேண்டும். சிறுநீர் கூட்டும் மாத்திரைகள், பீட்டா பிளாக்கர் வகை ரத்த அழுத்த மாத்திரைகள், சில ஒவ்வாமை மருந்துகள், சில மனநல மருந்துகள் ஆகியவை உடல் வெப்பத்தைச் சமாளிக்கும் திறனைக் குறைக்கலாம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் கேளுங்கள்.

பயிற்சியைப் பொறுத்தவரை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுவது, சுவரைத் தள்ளுவது, ஒற்றைக் காலில் நிற்பது ஆகிய மூன்றும் முதியவருக்குப் பெரும் பலன் தரும். தடுமாறி விழாமல் காப்பது கால் வலுவும் சமநிலையும்தான். கோடை என்று அதை விட்டுவிடக் கூடாது.

வெக்கையில் தூக்கம் வருவதில்லை. இரவில் யோகா செய்யலாமா?

உடலின் உள்வெப்பம் சற்று இறங்கும்போதுதான் நல்ல உறக்கம் வருகிறது. அதனால் படுக்கப் போகும் நேரத்தில் வலுப் பயிற்சி வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் குளித்துவிட்டு, பத்து நிமிடம் விபரீதகரணி, பிறகு மூச்சை உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீளமாக்கி ஐந்து நிமிடம். இது பலருக்குக் கைகொடுக்கிறது.

பயிற்சி முடிந்ததும் குளிக்கலாமா?

துடிப்பும் வியர்வையும் அடங்கியபின் குளியுங்கள். சாதாரணத் தண்ணீர் போதும். பனிக்கட்டி நீரில் பத்துப் பதினைந்து நிமிடம் அமிழ்ந்திருப்பதை ஒவ்வொரு வலுப் பயிற்சிக்குப் பின்னும் வழக்கமாக்கினால் தசை வளர்ச்சி குறையலாம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

எந்த அறிகுறி வந்தால் உடனே நிறுத்த வேண்டும்?

தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல், தசைப்பிடிப்பு, மிகையான களைப்பு. இவற்றில் ஒன்று வந்தாலும் நிறுத்தி, நிழலில் காலை உயர்த்திப் படுத்து, சிறிது சிறிதாகக் குடியுங்கள். இந்தச் சுற்றை முடித்துவிட்டு என்ற பேச்சே வேண்டாம்.

பேச்சு குழறுவது, இடம் புரியாமல் பேசுவது, மயங்கி விழுவது, உடல் 40 டிகிரிக்கு மேல் கொதிப்பது வெப்ப வாதத்தின் அடையாளங்கள். அது உயிர் ஆபத்து. ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை காத்திராமல் குளிர்ந்த நீரை உடம்பெங்கும் ஊற்றுங்கள், விசிறுங்கள், கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் பனிக்கட்டியை வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

வலு கூடியிருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதல் சில வாரங்களில் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. ஆரம்பத்தில் கூடும் வலு பெரும்பாலும் நரம்பு மண்டலம் தசையை நன்றாக இயக்கக் கற்றுக்கொள்வதால் வருவது. தசை பருப்பது பின்னால்தான். அதனால் அளந்து பாருங்கள். மாதம் ஒரு முறை, அதே விடியல் நேரத்தில், பலகாசனத்தில் முதுகு வளையாமல் எத்தனை விநாடி, கையூன்றாமல் நாற்காலியிலிருந்து 30 விநாடியில் எத்தனை முறை எழ முடிகிறது, ஒற்றைக் காலில் எவ்வளவு நேரம் என்று எழுதி வையுங்கள். அன்றைய வெப்பநிலையையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். 28 டிகிரியில் எடுத்த அளவை 36 டிகிரியில் எடுத்ததோடு ஒப்பிட்டு மனம் தளர வேண்டாம்.